பீமுனிப்பட்டினக் கரையில் ஒரு நாள்

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் கடல் விளிம்பு வரை வந்து நிற்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் விசாகப்பட்டினம் ஒன்று. அங்கிருந்து வடக்கே பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடப்புறம் குன்றுகள், வலப்புறம் கடல். உத்தியோகத்தின் பொருட்டு இந்நகரில் குடியேறிய நம்மவர் ஒரு நாள் விடுமுறையில் கண்டு திரும்பத் தக்க வழி இது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் வாடகைக் காரில் குடும்பத்துடன் புறப்பட்டோம். எங்கள் தாயார் திருச்செந்தூர்ப் பக்கத்தவர். தந்தையார் மறைந்த பின் எங்களுடன் வந்து இருக்கிறார். மொழி தெரியாத ஊரில் அவருக்கு மனம் பொருந்தவில்லை. "என்னைய ஊருல கொண்டு விட்டுருங்க" என்பதே அன்றாட வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அவரைத் தனியே விட எங்களுக்கும் மனம் துணியவில்லை.

முதலில் ருஷிகொண்டா. குன்றின் அடியில் பொன்மணல். ஆனால் அலை பின்வாங்கும்போது இழுப்பு வலியது. குழந்தைகளைக் கால் நனைப்பதோடு நிறுத்தினோம். அடுத்தது தொட்லகொண்டா. பாறையில் குடைந்த தொட்டிகளால் பெயர் பெற்ற குன்று அது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த மடத்தின் அடித்தளங்கள் அங்கே உள்ளன. உச்சியில் நின்றால் கடல் முழுவதும் கண்ணுக்கடங்கும். கீழே மங்கமாரிப்பேட்டைக் கரையில் அலைகள் பாறையை அரித்து ஒரு வளைவையே அமைத்திருக்கின்றன. நீர் வடிந்த வேளையில்தான் அருகே செல்ல இயலும். தாயார் காரை விட்டு இறங்கவில்லை.

பீமுனிப்பட்டினத்தை நெருங்கும்போது 'எர்ர மட்டி திப்பலு' என்னும் செம்மணற் குன்றுகள் வந்தன. பனியூழியில் கடல் பின்வாங்கியபோது வெளிப்பட்ட மணலைக் காற்று கொணர்ந்து குவித்தது. மணலிலிருந்த இரும்புச் சத்து நாளடைவில் சிவந்தது. மழைநீர் அதை ஆழ்ந்த ஓடைகளாக அறுத்தது என்று நிலவியலார் கூறுவர். அங்கே தாயார் தாமாகவே இறங்கினார். ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடையே வழியவிட்டார்.

"இது நம்ம தேரி மண்ணுல்லா!" என்றார்.

அவர் கூறியது உண்மையே. திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காடும் இவ்வினத்தைச் சேர்ந்த செம்மணல்தான். அதன்பின் பேரக்குழந்தைகளுக்கு அவரே வழிகாட்டியானார். வெயிலில் தேரி மணல் கால் சுடுவதையும், பனையேறிகள் விடியுமுன் புறப்படுவதையும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

பீமுனிப்பட்டினத்தில் கோஸ்தனி ஆறு கடலில் கலக்கிறது. 1861-ஆம் ஆண்டிலேயே நகராட்சி பெற்ற பழைய துறைமுகம் அது. அங்கே டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தூத்துக்குடியை 1658-இல் கைப்பற்றிய அதே டச்சுக்காரர்தாம்.

"இவங்க ஊரு எங்க இருக்கு?" என்று தாயார் வினவினார்.

"ஹாலந்து. கப்பலில் பல மாதப் பயணம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் ஓர் அம்மையார் அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். தெலுங்கில் அதற்குத் 'தேகலு' என்று பெயர். தாயாருக்குத் தெலுங்கு தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் பேரம் இனிதே முடிந்தது. ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு தாயார் கூறினார்: "சித்திரையில ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வரணும்."

'கொண்டு விட்டுருங்க' என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஊரிலிருந்து வந்த முதியோரை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் இவ்வழியே ஒருமுறை அவர்களை அழைத்துச் செல்வார்களாக. விடியற்காலையில் புறப்படுதல் நலம். வெயிலேறிய பின் செம்மணலில் நடத்தல் அரிது.