அல்சூர் ஏரிக்கரையிலே

பெங்களூருக்கு முதன்முதல் வரும் உறவினர், "இவ்வூரில் காணத்தக்க இடம் யாது?" என்று எம்மைக் கேட்பதுண்டு. லால்பாக் பூங்காவையும் விதான சௌதாவையும் காட்டிய பின்னர், யாம் அவர்களைத் தவறாது அழைத்துச் செல்வது அல்சூர் ஏரிக்கரைக்கே. அங்குள்ள திருவள்ளுவர் சிலையைக் கண்டதும் அவர்கள், "இத்தகைய சிலைகள் நம் நாட்டில் ஊர்தோறும் உள்ளனவே!" என்பர். உண்மைதான். ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் முகம் மறைந்திருந்து பின் வெளிப்பட்ட வள்ளுவர் வேறெங்கேனும் உண்டோ?

செல்லும் வழி எளிது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நகரில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ ரயில் பாதையிலேயே ஹலசூரு நிலையம் உள்ளது. கன்னடத்தில் ஹலசூரு, நம்மவர் நாவில் அல்சூர். பழமை வாய்ந்த சோமேசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டு ஏரியை நோக்கி நடக்கலாம். நூற்றிருபது ஏக்கருக்கு மேல் பரந்த நீர்ப்பரப்பு. நடுவே மரமடர்ந்த சிறு தீவுகள். அருகே மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் பாசறை. 1809ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தபோது, படையோடு வணிகரும் கொத்தரும் வண்டிக்காரருமாகத் தமிழர் பலர் வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. மேலும் பலர் வந்தனர். அப்பாதைதான் இன்றும் எமக்குச் சோறிடுகிறது.

1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், இவ்வேரிக்கரையில் வள்ளுவருக்குச் சிலை எழுப்பியது. 1991ஆம் ஆண்டு அதனைத் திறக்க ஏற்பாடாயிற்று. எதிர்ப்பு எழுந்தது, விழா நின்றது, சிலை போர்த்தி மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் காவிரி நீரை முன்னிட்டுக் கலவரமும் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் பல, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயிலேறின.

அப்பொழுது எமக்கு ஐந்து வயது. ஞாயிறுதோறும் எம் தந்தையார் எம்மை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வார். மூடிக் கிடந்த அவ்வுருவத்தின் முன் நின்று கைகூப்புவார்.

"உள்ளே யாரப்பா?" என்று கேட்டோம்.

"வள்ளுவர்."

"ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?"

"அக்கம்பக்கத்தாருக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும்."

எம் தந்தையார் ஒரு மில் தொழிலாளி. அவர் தம் அண்டை வீட்டாரைப் பகைவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'இன்னும்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய நம்பிக்கையெல்லாம் அடங்கியிருந்தது என்பதை யாம் வளர்ந்த பின்னரே உணர்ந்தோம்.

அவருக்கு ஒரு நண்பர் உண்டு. அவர் நேர்மாறானவர். "அண்ணே, இதைத் திறக்கவே மாட்டார்கள். வீணாகக் கும்பிட்டுக் கை நோகாதீர்கள்" என்பார். ஆண்டுகள் கடந்தன, அமைச்சரவைகள் மாறின, போர்வை மட்டும் அப்படியே இருந்தது. அந்நண்பர் ஏறத்தாழ 6,500 நாட்கள், நாள்தோறும் சரியாகவே சொல்லி வந்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவநம்பிக்கைக்கு உள்ள வசதி அதுதான். எதுவும் நடவாத நாளெல்லாம் அதற்கு வெற்றி நாள். அதற்கு முதலும் வேண்டா, உழைப்பும் வேண்டா.

ஆனால் சங்கத்தார் கேட்பதை நிறுத்தவில்லை. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி, கர்நாடக முதல்வர் பி. எஸ். எடியூரப்பா முன்னிலையில் சிலையைத் திறந்து வைத்தார். எம் தந்தையார் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். யாம் கூட்டத்தின் கடைசியில் நின்று அவருக்காகவும் சேர்த்துப் பார்த்தோம். அவருடைய நண்பரும் வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இரண்டு மாதத்தில் மறுபடியும் மூடிவிடுவார்கள், பார்" என்றார். மூடவில்லை.

இதில் யாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. நான்கு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். ஈரடியில் உலகுக்கு அறம் உரைத்தவர் வள்ளுவர். மூவடியில் மக்களுக்கு அறம் உரைத்தவர் சர்வக்ஞர். 'எம் புலவரை மதியுங்கள்' என்று கேட்டவர்கள், 'உங்கள் புலவரை நாங்களும் மதிப்போம்' என்று சொன்ன பின்னரே கதவு திறந்தது. நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருப்பதன்று, கொடுத்துக் கேட்பது.

இவ்வாறெல்லாம் எழுதும் யாமும் ஒருமுறை தளர்ந்தோம். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் காவிரியை முன்னிட்டு நகரில் மீண்டும் கலவரம் எழுந்தது, பேருந்துகள் எரிந்தன. அலுவலகத்திலிருந்து வீடு சேர்வதற்குள் இரவாயிற்று. வாயிலில் மனைவியைக் காணாது நெஞ்சம் பதைத்தோம். எதிர்வீட்டு அஜ்ஜி, கன்னட மூதாட்டி, சன்னல் வழியே அழைத்தார். எம் மனைவியும் கைக்குழந்தையும் அவருடைய உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தனர். "நீயும் உள்ளே வா, ராகிக் களி இருக்கிறது" என்றார். அவ்விரவு முழுதும் அம்மூதாட்டி கூடத்தில் விழித்திருந்தார்.

ஆயினும் அச்சம் எளிதில் அகலவில்லை. மறுவாரமே தமிழ்நாட்டுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். உடன் பணிபுரிவோர் சிலர், "இவ்வூரில் நமக்கு என்றும் வாழ்வில்லை" என்றனர். அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாலை ஏரிக்கரைக்குச் சென்றோம். சிலை திறந்தபடியே இருந்தது. போர்வையைக் கும்பிட்ட தந்தையாரை எண்ணினோம்; விழித்திருந்த அஜ்ஜியையும் எண்ணினோம். பேருந்தை எரித்தவரும் இவ்வூரார். எம் குழந்தையை உறங்க வைத்தவரும் இவ்வூரார். எவரைக் கொண்டு ஊரை அளப்பது என்பது எம் கையில் இருந்தது. விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை.

இடர் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பு வழங்கிய பின்னரும், மழை பொய்க்கும் ஆண்டெல்லாம் மனம் துணுக்குறுகிறது. 2023 செப்டம்பரில் நகரில் முழு அடைப்பு நடந்தபோது, எம் மனைவி முதற்காரியமாகச் சன்னல்களைத் தாழிட்டாள். அடுத்த காரியமாக அஜ்ஜிக்கு இட்லி கொடுத்தனுப்பினாள். அச்சமும் அன்பும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். எது வாயிலைத் திறக்கிறது என்பதே கேள்வி.

இப்பொழுது ஞாயிறுதோறும் எம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறோம். பத்தாம் வகுப்போடு நின்ற எமக்கு அதற்கு மேல் தகுதியில்லை. தொடங்கியபோது மூவர் வந்தனர். "இந்தக் காலத்தில் தமிழ் யாருக்கு வேண்டும்? ஒரு மாதம் ஓடினால் பெரிது" என்றார் ஒரு நண்பர். இன்று பதினொருவர் வருகின்றனர். அவர்களில் ஒருத்தி அஜ்ஜியின் பேத்தி. அவளிடம் எம் மகள் கன்னட எழுத்துக் கற்கிறாள். வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்குமா என்று யாம் அறியோம். அடுத்த ஞாயிறு நடக்கும். அதற்குப் பாயை விரித்து வைத்துவிட்டோம்.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, 'இங்கே எதுவும் நடவாது' என்று சொல்வது நமக்கெல்லாம் எளிது. அச்சொல் பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். குறளில் ஆள்வினையுடைமைக்கு அடுத்து இடுக்கணழியாமை என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதை நினைவிற் கொள்வோம். முயற்சி செய்வோனுக்கு இடுக்கண் வரும் என்பதை அறிந்தே அவ்வாறு வைத்தனர் போலும்.

பெங்களூருக்கு வந்தால் ஒரு மாலைப்பொழுதை அல்சூர் ஏரிக்கரைக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்து வாருங்கள். வள்ளுவரின் முகத்தைக் காட்டுமுன், அம்முகம் மறைந்திருந்த பதினெட்டு ஆண்டுகளின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.