குதிரை சுற்றிய மலை

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கோபுரத்தைக் கண்டு வியப்பார்கள்; கார்த்திகை தீபத்தைப் பற்றிப் பேசுவார்கள்; பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருவார்கள். அப்படி வலம் வருபவர்களுக்குக் காலால் நடப்பதன் மகிமையைக் கற்பித்தது ஒரு குதிரை என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

அருணாசல புராணத்தில் வரும் கதை அது. வேட்டைக்கு வந்த வச்சிராங்கத பாண்டியன் ஒரு புனுகுப் பூனையைக் கண்டு குதிரையைத் தட்டி விட்டான். பூனை மலையைச் சுற்றி ஓடிற்று. குதிரையும் விடாமல் ஓடிற்று. சுற்று முடிந்ததும் பூனை விழுந்து உயிர் விட்டது. குதிரையும் விழுந்தது. அடுத்த கணமே இரண்டும் துர்வாசர் இட்ட சாபம் நீங்கி, வித்தியாதரர்களாக எழுந்து நின்றன. பாண்டியன் மட்டும் பாண்டியனாகவே தரையில் கிடந்தான்! குதிரையின் மேல் உட்கார்ந்து வந்தவனுக்கு வலம் வந்த பலன் ஏது? பிறகு அவன் அரசை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தே மலையை வலம் வந்தானாம்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் உடன் சிரித்ததுண்டு. குதிரைக்கு நற்கதி கிடைத்தது சரி. குதிரையை இழந்தவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

இதே வட்டாரத்தில் அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்கே செஞ்சிச் சீமையில், 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட ராஜா தேசிங்கின் குதிரை நீலாம்பூண்டியில் அடக்கமாகியிருப்பதாக ஜனங்கள் சொல்வார்கள். பக்கத்திலேயே அவனுடைய உயிர்த்தோழன் மகமத்கானின் சமாதி. தோழனுக்குச் சமமான மரியாதை குதிரைக்கும்!

கிரிவலப் பாதையிலேயே ரமணாசிரமம் இருக்கிறது. அங்கே 1948 ஜூன் 18-ஆம் தேதி உயிர் நீத்த லக்ஷ்மி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. அருகிலேயே மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. ரமண மஹரிஷி லக்ஷ்மியின் கடைசி நேரத்தில் அருகில் அமர்ந்து, அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சென்ற முறை அந்தச் சமாதிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மர நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு முதியவர். ஒரு காலத்தில் இவ்வூரில் ஜட்கா ஓட்டியவராம். மடியிலிருந்து பித்தளை மணி ஒன்றை எடுத்துக் காட்டினார். குதிரையின் கழுத்தில் கட்டியிருந்தது.

"பதினோரு வருஷம் சாமி. எத்தனையோ பேரை ஏத்திக்கிட்டு இந்த மலையைச் சுத்தியிருக்கோம். அது இழுத்துது, நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் காலையிலே கொள்ளு வெச்சேன். முகர்ந்து பார்த்துட்டு என் தோள்மேலே தலையைச் சாய்ச்சுது. சாயந்திரம் போயிடுச்சு."

"வேறு குதிரை வாங்கவில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வண்டியை வித்துட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பௌர்ணமியும் தவறினதில்லை. நடந்துதான்."

அவருக்கு வச்சிராங்கதன் கதை தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நானும் அவ்வாறே செய்தேன். அடி அண்ணாமலை வரையில், அவர் மடியிலிருந்த மணி ஒவ்வோர் அடிக்கும் மெல்ல ஒலித்துக்கொண்டே வந்தது.