கரைந்த பிறகும் இருக்கும் உப்பு

தண்ணீரில் போட்ட உப்பு காணாமல் போய்விடுகிறது என்றுதான் நினைக்கிறோம். அது எங்கும் போவதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் அதை சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரித்துச் சூழ்ந்துகொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போன கோடையில் அக்கா மகனுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அம்மா ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். துளி மிச்சமில்லாமல் கரைந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்த அக்காதான், “அம்மா, கொடுக்காதே!” என்று டம்ளரை வாங்கி வைத்தார்.

200 மில்லியில் கரைத்தால் 5 மடங்கு அடர்த்தி. அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் சோடியமும் ஏறும். சரியான அளவில் கரைத்தால், குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக் குடல்சுவரைக் கடக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும்.

1971-ல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில், காலராவில் துவண்டவர்களை டாக்டர் திலீப் மஹலானபிஸ் மீட்டது இப்படியொரு எளிய கரைசலால்தான்.

முழுசாகக் கரைந்துவிட்டது என்பதால் அளவு சரி என்று ஆகிவிடாது. ஓ.ஆர்.எஸ் கலக்கும் முன், பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். அந்த அளவுத் தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள்.