எஞ்சியிருக்கும் ஒரு மெருகு

பழைய பொருள் ஒன்று கைக்கு வந்தால் அதைத் துலக்கிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் நம் எல்லாருக்கும் இயல்பே. செம்பும் பித்தளையும் துலக்கத் துலக்க அழகு பெறுகின்றன. ஆனால் துலக்கும்போதெல்லாம் தம்மில் சிறிதை இழக்கும் பொருள்களும் உண்டு. ஜப்பானியரின் பழைய வாள் அத்தகையது.

அந்நாட்டில் வாளை அடித்து உருவாக்கும் கொல்லர் ஒருவர். அதற்கு மெருகூட்டும் கலைஞர் மற்றொருவர். மெருகாளரைத் 'தோகிஷி' என்பர். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, மேலும் மேலும் நுண்மையான கற்களில் தீட்டி, இறுதியில் மெல்லிய கற்சில்லுகளைக் கட்டைவிரலின் கீழ் வைத்துத் தேய்ப்பர். வெறும் பளபளப்பு அவர்கள் நோக்கமன்று. மடித்து மடித்து அடிக்கப்பட்ட எஃகின் இழையோட்டமும், வெட்டுமுனை நெடுகிலும் மேகவிளிம்புபோல் ஓடும் 'ஹாமொன்' என்னும் பதவரையும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஹொனாமி குடும்பத்தார் பல நூற்றாண்டுகளாக இப்பணியில் புகழ்பெற்றவர்கள். அம்மரபில் வந்த ஹொனாமி நிஷ்ஷூ 1975இல் 'வாழும் தேசியச் செல்வம்' எனச் சிறப்பிக்கப்பெற்றார்.

ஆயினும் ஒவ்வொரு மெருகும் எஃகில் ஒரு படலத்தைக் கொண்டுபோய்விடுகிறது. பல வாள்களில் வெளியே கடினமான எஃகும் உள்ளே மென்மையான எஃகும் உண்டு. மேற்படலம் தேய்ந்து உள்ளெஃகு தெரியத் தொடங்கினால், அதைக் 'களைத்த வாள்' என்பார்கள். களைத்த மனிதனுக்கு ஓய்வு உண்டு. களைத்த வாளுக்கு மீட்சி இல்லை.

நாகோயா நகரில் நாம் வாழ்ந்த நாள்களில், அடுத்த வீட்டு மூதாட்டியார் தம் மறைந்த கணவரின் அலமாரியில் ஒரு குறுவாளைக் கண்டெடுத்தார். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காவல் நிலையத்தில் தெரிவித்து, மாவட்டக் கல்விக் குழுவின் ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மரபுமுறையில் செய்யப்பட்ட வாளுக்கே அங்குப் பதிவுச் சீட்டு கிடைக்கும். உலகப்போர்க் காலத்தில் ஆலை எஃகால் செய்யப்பட்டதாயின் வாளை இழக்க நேரிடும். அந்த அச்சம் நீங்கி, சீட்டும் கிடைத்தது. அதை ஒருமுறை ஒளிரக் கண்டுவிட்டுப் பேரனிடம் கொடுக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். கணவருக்கும் அந்த ஆசை இருந்ததாம். ஆகவே மெருகாளர் ஒருவரிடம் சென்றபோது நாமும் உடன் சென்றோம்.

அவர் முதலில் பிடியைக் கழற்றினார். உள்ளே மறைந்திருந்த அடிப்பகுதி கருந்துரு படிந்து கிடந்தது. அதை அவர் துடைக்கவே இல்லை. அந்தக் கருமையே வாளின் வயதுக்குச் சான்று. அதைச் சுரண்டுவது பழைய ஏட்டின் எழுத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். கொல்லர் பெயர் ஏதும் அதில் பொறிக்கப்படவில்லை.

பின்னர் விளக்கொளியில் வெட்டுமுனையைக் கூர்ந்து நோக்கினார். முனைக்குக் குறுக்கே மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் எந்த மெருகாலும் பயனில்லை. அடுத்து, நுனியில் பதவரை எஞ்சியிருக்கிறதா என்று பார்த்தார். அது தேய்ந்துபோயிருந்தால் கல்லால் திரும்ப வரைய இயலாது. இறுதியாக அடிப்பகுதியின் தடிப்பையும் அலகின் தடிப்பையும் ஒப்பிட்டார். இரண்டிற்கும் வேறுபாடு மிகுந்திருந்தால், முன்னோர் பலமுறை தீட்டிவிட்டார்கள் என்று பொருள்.

வெடிப்பு இல்லை, நுனியில் பதவரை மங்கலாயினும் முழுமையாக இருந்தது. ஆனால் அலகு மெலிந்துவிட்டது. இன்னும் ஒரு முழு மெருகைத் தாங்கும், அதற்குமேல் தாங்காது என்றார் அவர். மெருகுக்கு ஆகும் செலவு அவ்வாளின் விலையைவிட மிகுதி என்பதையும் மறைக்கவில்லை. தமக்கு வரவேண்டிய வேலையைத் தாமே வேண்டாமென்று சொல்லும் தொழில்நேர்மை நம்மை வியக்கவைத்தது.

செலவைப் பற்றி மூதாட்டியார் கவலைப்படவில்லை. எஞ்சியிருப்பது ஒன்றே என்னும் சொல்தான் அவரை நிறுத்தியது. இரண்டு இடங்களில் செந்துரு அரித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவைப்பதும் இழப்பே. மெருகாளர் நடுவழி ஒன்று கூறினார்: பரவும் துருவை மட்டும் தடுத்து, இரு விரற்கடை அளவில் ஒரு 'சாளரம்' திறந்து, மெல்லிய எண்ணெய் பூசி, அழுக்கேறிய பழைய உறைக்குப் பதிலாகப் புதிய மர உறையில் இடுவது. நெடுநேரம் மௌனமாயிருந்த மூதாட்டியார் அதற்கு இசைந்தார். சில வாரங்கள் கழித்து அந்தச் சிறு சாளரத்தில் பனிமூட்டம்போல் பதவரை தோன்றிற்று. எஞ்சிய மெருகைப் பேரன் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றார் அவர்.

அவர் தம் ஆசையைத் துறந்தாரா? முழுவதும் அன்று, இரு விரற்கடை அளவு நிறைவேற்றிக்கொண்டார். மீதியை வருபவருக்கு விட்டார். கவனியாமல் விட்டுத் துருப்பிடிக்க வைப்பதும், கண்டவுடன் முழுவதும் தேய்த்துவிடுவதும், முன்னோர் தந்ததை நம்மோடு முடித்துவிடும் இரு வழிகள் அல்லவா? குடும்பத்தின் நிலத்தையும், பழைய கடிதங்களையும், பெரியவர்களின் நினைவுகளையும் கையாளும்போது நாம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே செய்கிறோம்.

கையிலுள்ளதை ஒளிரச் செய்வதும் அன்பே. ஒளிரச் செய்யும் வாய்ப்பை அடுத்தவருக்கு விட்டுவைப்பதும் அன்பே. எப்போது எது தகும் என்பதை அறிய, கல்லை எடுக்குமுன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும்.