வானத்துக்கு யார் நீலம் முக்கியது?

கண் தெரியவில்லை என்கிற விஷயம், பல சமயம் கண் தெரியாதவருக்குத்தான் கடைசியாகத் தெரியவருகிறது.

என் பெரியம்மா விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டிலிருந்து விலகி உள்ளே போகிற ஒரு கரிசல் கிராமம். இரண்டரை ஏக்கர் மானாவாரி. ஐப்பசியில் மழை விழுந்தால் பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம். விழாவிட்டால் வானத்தைத் திட்டுவது. மற்ற நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் பக்கம் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். மேஜை நாற்காலி, ஃபைல் எதுவும் இல்லாவிட்டாலும் அது ஆபீஸ்தான்.) முப்பது வருஷம் குச்சி அடைத்த கை. ஒரு அள்ளு அள்ளினால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும். எண்ணிப் பார்த்து அவள் அள்ளியதை நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை. எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கென்னய்யா, எல்லாந்தான் தெரியுது. வெயில்தான் ஒத்துக்கிட மாட்டேங்கு" என்பாள். சும்மா சாதிக்கிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். இல்லை. அவளுக்கு நிஜமாகவே எல்லாம் தெரிந்தது. அதுதான் விபரீதம்.

எப்படி என்று புரிய, நீங்கள் இரண்டு நிமிஷம் ஒரு வேலை செய்யவேண்டும். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, அதில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலது பக்கம், 8 சென்டிமீட்டர் தள்ளி, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். அட்டையை மெல்ல முன்னே பின்னே நகர்த்துங்கள். முகத்திலிருந்து ஓர் அடி தூரத்துக்கு வரும்போது புள்ளி காணாமல் போகும்.

கண்ணுக்குள்ளிருந்து நரம்புக் கற்றை மூளைக்குக் கிளம்புகிற இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் கிடையாது. அந்த இடத்தில் நாம் எல்லோருமே குருடு. 1660களில் மாரியோத் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அதிசயம் புள்ளி மறைவது இல்லை. மறைந்த இடத்தில் ஓட்டை தெரியவில்லையே, அதுதான் அதிசயம். அட்டை வெள்ளையாக இருந்தால் அங்கேயும் வெள்ளை தெரியும். கோடு போட்ட தாளாக இருந்தால், கோடு விட்டுப்போகாமல் அந்த இடத்தையும் தாண்டி ஓடும். மூளை பக்கத்து நிறத்தைப் பார்த்துப் பூசி மெழுகிவிடுகிறது. உங்களைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இன்னொன்று. கையை நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் துல்லியமாகப் பார்க்கிற பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுற்றியிருப்பதெல்லாம் மங்கல். கண் விநாடிக்கு இரண்டு மூன்று தடவை தாவித் தாவி நகத்தளவு நகத்தளவாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. அதை ஒட்டுப்போட்டு, முழுத் தெருவையும் ஒரே நேரத்தில் பளிச்சென்று பார்ப்பதாக நம்மை நம்பவைக்கிறது மூளை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: பார்ப்பது என்பது நம்மை அறியாமல் நடக்கிற ஒரு ஊகம். கண் கொடுப்பது துப்பு மட்டும். தீர்ப்பு எழுதுவது மூளை.

பெரியம்மாவின் மூளை அறுபத்தைந்து வருஷம் ஒரே ஊரை, ஒரே தெருவை, ஒரே திண்ணையைப் பார்த்துப் பழகியது. துப்பு குறையக் குறைய அது ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தது. புரை ஒரே நாளில் விழுவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு புரதப் பொருள். வயதாக ஆக அந்தப் புரதம் திரிகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுக்கிறதே, ஏறக்குறைய அந்தக் கதைதான், ஆனால் வருஷக்கணக்கில். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாத வேகத்தில் நடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாள் திண்ணையில் சாத்தியிருந்த பருத்தி மூட்டையைப் பார்த்து, "எப்ப வந்தீக மாமா? காப்பி குடிக்கீகளா?" என்று கேட்டாள். பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. சின்ன மாமா வழக்கமாகச் சாய்ந்து உட்காருகிற இடம் அது. அவர் பருமனும் ஏறக்குறைய அதுதான். மூளை தப்பாகக் கணக்குப் போடவில்லை. பழைய கணக்கைப் போட்டுவிட்டது.

மற்ற புலன்கள் வேறு அவளுக்குச் சளைக்காமல் முட்டுக்கொடுத்தன. கடுகு வெடிக்கிற சத்தத்தில் எண்ணெய்ச் சூடு தெரியும். நாணயத்தைக் கட்டைவிரலால் தடவி ஒன்றா, இரண்டா, ஐந்தா என்று சொல்லிவிடுவாள். தெருவில் போகிறவர்கள் வாயைத் திறக்காமலே, செருப்பு தேய்கிற விதத்தில் யாரென்று தெரியும். கோடையில் எங்கோ இரண்டு ஊர் தள்ளி மழை விழுந்தால், "வாடை வருது, வத்தலை எடுங்க" என்று முதலில் குரல் கொடுப்பது அவள்தான். (அந்த மண்வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் 'பெட்ரிகார்' என்று பெயர் வைத்தார்கள். அதில் முக்கியமான ஒரு சரக்கு ஜியோஸ்மின். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் தயாரிப்பது. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். மழைக்காகக் காத்துக் கிடந்த ஜாதியல்லவா நாம்!)

கண் போனால் காதும் மூக்கும் கூர்மையாகிவிடும் என்பார்கள். பெரியம்மா மாதிரி வயதான பிறகு பார்வை மங்குகிறவர்கள் விஷயத்தில் அது பாதி உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மூக்கு அதே மூக்குதான். அது சொல்வதை இப்போதுதான் காதுகொடுத்துக் கேட்கிறோம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், அடுத்த புஞ்சைக்காரர் ஜேசிபி வைத்துப் பண்ணைக்குட்டை தோண்டினார். எட்டு அடிப் பள்ளம். பெரியம்மா தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதையை ஒட்டி. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. சாயங்காலம் ஆட்டுக்குத் தழை எடுக்கப் போனவள், பள்ளத்துக்கு ஒரு எட்டு முன்னால் நின்று, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு அங்கே எப்போதும்போல பாதைதான் தெரிந்தது. சொன்னது உள்ளங்கால். கரிசல் மண் கோடையில் கல் மாதிரி இறுகி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பாதையோ மிதிபட்டு மிதிபட்டுச் சிமெண்டுத் தரை மாதிரி ஆகியிருக்கும். அன்றைக்குக் காலுக்கடியில் பொதபொதவென்று புது மண். "எனக்குத் தெரிஞ்சு அந்த எடத்துல பொத மண்ணு கெடையாது. என்னமோ ஆகிப்போச்சுன்னு குந்திட்டேன்" என்றாள். அரை மணி நேரம் கழித்து ஆடு மேய்க்கிற பையன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "அந்தக் கண்ணு முகாமு எப்பய்யா?" என்று அவளே கேட்டாள்.

கண் முகாம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போகமுடியாது. அதே கரிசலில், எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. சின்ன வயதில் சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆகவேண்டும் என்று படித்தார். முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிப்பதே கஷ்டம். அந்த விரல்களை வைத்துக்கொண்டு கண் மருத்துவத்துக்கு மாறி, புரையை அகற்றப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவர்கள் அரோலேப் என்று ஆரம்பித்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ய, விலை பல மடங்கு இறங்கியது. 2006இல் இறப்பதற்குள் அந்தக் கோணல் விரல்கள் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஊர் ஊராக முகாம் போட்டுப் பஸ்ஸில் கூட்டிப்போகிற வழக்கத்தை எங்கள் பக்கத்தில் வேரூன்றச் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரியம்மாவையும் முகாமில் பார்த்து, திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேர வேலை. திரிந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து அடுத்தது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு இது இத்தனை சுலபமில்லை. 1688இல் மாலினோ என்ற ஐரிஷ்காரர், தத்துவ அறிஞர் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு மட்டுமே அறிந்த குருடருக்குத் திடீரென்று கண் கிடைத்தால், தொடாமலே பார்த்து எது எதுவென்று சொல்வாரா? முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆளாளுக்கு வாதம் பண்ணினார்கள். பதில் நம் நாட்டில் கிடைத்தது. பவன் சின்ஹா என்கிற விஞ்ஞானி டெல்லியில் நடத்துகிற 'பிரகாஷ்' திட்டத்தில், ஆபரேஷன் மூலம் பார்வை பெற்ற 5 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். கட்டு அவிழ்த்த உடனே அவர்களால் சொல்லமுடியவில்லை. சில நாள் பழகியதும் சொன்னார்கள். பார்வை கண்ணுக்கு வருவது ஒரு நாளில். மூளைக்கு வர, பழகவேண்டும்.

பெரியம்மா ஏற்கெனவே பழகியவள். இருந்தும் கட்டு அவிழ்த்ததும் முதலில் கேட்டது: "வானத்துக்கு யாருய்யா இப்படி நீலம் முக்குனது?"

முற்றிய புரை மஞ்சள் பழுப்பாக இருக்கும். நீல ஒளியை உள்ளே விடாது. மூளை அதற்கும் ஈடுகட்டி, வெள்ளையை வெள்ளை என்றே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. லென்ஸ் மாறியதும் நீலம் மடை திறந்து வந்துவிட்டது. பழைய ஈடுகட்டல் மறைய மாதக்கணக்காகும். மோனே என்ற பிரெஞ்சு ஓவியருக்கும் 1923இல் புரை எடுத்த பிறகு இதே நீலத் தொல்லை. பெரியம்மாவுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பாட்டம் பேசியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த ரகளை. அடுப்படிச் சுவரில் ஒட்டடை, குடத்தில் பாசி, ஜன்னல் கம்பியில் ஒரு விரல் தூசி. "நான் இருக்கும்போதே இந்த லெச்சணத்துல வச்சிருக்கியே!" என்று மருமகளைப் பிடித்துக்கொண்டாள். பாவம் மருமகள். ஒட்டடை அவள் வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். திரும்பப் பார்த்தாள். ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவளைப் பார்க்க என் அம்மா வந்தாள். தங்கை. ஐந்து வயது இளையவள். மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து, எதிரே உட்கார்ந்து, வெற்றிலை போட்டுப் பேசிவிட்டுப் போகிறவள்தான். வாசலில் நின்ற அம்மாவைப் பெரியம்மா ஏறிட்டுப் பார்த்து, "யாரு தாயி, யாரு வேணும்?" என்றாள்.

"ஏக்கா, நாந்தான்" என்றாள் அம்மா.

குரல் கேட்டதும் பெரியம்மா எழுந்து வந்தாள். கிட்ட நின்று வெகுநேரம் பார்த்தாள். "எப்பளா இப்படிக் கெழவியான?"

"நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான்."

பெரியம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டி, அம்மாவின் தாடையை, கன்னத்தை, காது மடலை மெதுவாகத் தடவிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு.