செமஸ்டரும் மிளகாய்ப் பழமும்

இந்தத் தடவை விதை, உரம், மழை எதுவும் இல்லை. காலேஜ் பத்தி எழுதலாம்னு இருக்கேன். மெட்ராஸ்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் போன்ல, "பிள்ளையை கவர்ன்மென்ட் காலேஜ்லயா சேர்த்திருக்கீங்க? கேம்பஸ் லைஃப் எல்லாம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். நல்ல கேள்விதான். போன்ல சொல்லி முடியிற விஷயம் இல்லைன்னு எழுத உட்கார்ந்துட்டேன்.

எங்க ஊர் கீழக்கரையில இருந்து உள்ளே தள்ளி, மானாவாரிப் பக்கம். கீழக்கரைன்னா உங்களுக்கு சீதக்காதி வள்ளல் ஞாபகத்துக்கு வருவார். படிப்புக்கும் பேர் போன ஊர்தான் அது. 1984-ல முகமது சதக் பொறியியல் கல்லூரி வந்துச்சு. 1988-ல தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்துச்சு. பொம்பளப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கின காலத்துல உள்ளூர்லயே ஒரு பெண்கள் கல்லூரிங்கிறது பெரிய காரியம்.

ஆனா வருசத்துல ஒரு தடவை மட்டும் கையில காசு பார்க்கிற எங்களை மாதிரி ஆளுகளுக்கு முதல்ல கண்ணுல படுறது அரசுக் கல்லூரிதான். ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை, ராமேஸ்வரம்னு நம்ம மாவட்டத்துல அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கு. எல்லாமே காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோட இணைஞ்சது. என் மூத்த மக ராமநாதபுரத்துல பி.ஏ. வரலாறு படிக்கிறா. எங்க வகையறாவுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் பொம்பளப் பிள்ளை அவதான்.

செலவைச் சொல்லிடுறேன். பிளஸ் டூ ரிசல்ட் வர்ற மே மாசத்துலயே ஆன்லைன்ல விண்ணப்பம் போடணும். அதுக்கு 50 ரூபாய். இளங்கலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. சில்லறைக் கட்டணங்கள்தான், ஒரு மூட்டை உரத்தோட ரெண்டாவது மூட்டை வாங்கின மாதிரி. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு மாசம் 1000 ரூபாய் பேங்க்ல விழுது. 2022 செப்டம்பர்ல தொடங்கின புதுமைப் பெண் திட்டம் அது. 2024-ல பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு வந்துருச்சு. அந்த ஆயிரத்துல நான் கை வைக்கிறதில்ல. அது அவ காசு.

இனி கேம்பஸ் லைஃப். எங்க பிள்ளைகளுக்கு அதுல பாதி பஸ்லதான் நடக்குது. கூட்டம் கூடிப்போய் கட்டடம் பத்தாததால பல அரசுக் கல்லூரிகள்ல காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட்னு பிரிச்சு வச்சிருக்காக. என் மகளுக்குக் காலை. விடியுமுன்னே எந்திரிச்சு, தண்ணி தூக்கி வச்சிட்டு, டவுன் பஸ்ஸைப் பிடிக்கணும். பொம்பளைகளுக்கு 2021-ல இருந்து டவுன் பஸ்ல டிக்கெட் இல்லை. ஏர்வாடிப் பக்கத்துப் பிள்ளை, திருப்புல்லாணிப் பிள்ளை, மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கரிமூட்டம் போடுற வீட்டுப் பிள்ளை எல்லாம் அந்த ஒரே பஸ்லதான். நோட்ஸ் மாத்திக்கிறது, சண்டை போடுறது, சமாதானம் ஆகுறது எல்லாம் அங்கேயே முடிஞ்சிரும். பஸ்ஸைத் தவற விட்டா முதல் வகுப்பு போச்சு.

பாடம் எடுக்கிறவுகள்ல பாதிப்பேர் கௌரவ விரிவுரையாளர்கள். பி.எச்.டி. முடிச்சிட்டு வருசத்துக்கு 11 மாசச் சம்பளத்துல நிக்கிறாக. என் மகளுக்கு வாய்ச்ச ஒரு டீச்சர், இதே வறட்சிப் பக்கத்துல பிறந்து வளர்ந்தவுக. சேதுபதி மன்னர்கள் காலத்துக் கண்மாய்களைப் பாடம் எடுத்துட்டு, "உங்க ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை? யார் வெட்டினது? வீட்ல கேட்டுட்டு வா"ன்னு அனுப்பி விட்டாக. மக வந்து என்கிட்ட கேட்டா. எனக்கு மடை எண்ணிக்கை தெரியும், யார் வெட்டினதுன்னு தெரியாது. ரெண்டு பேரும் எங்க பெரியய்யாவைத் தேடிப் போய் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டிருந்தோம். வீட்டுக்கும் காலேஜுக்கும் அப்படி ஒரு வழி விழுந்துச்சு.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். செமஸ்டர் பரீட்சை நவம்பர்லயும் ஏப்ரல்லயும் வருது. எங்களுக்கு நவம்பர் வடகிழக்குப் பருவமழை, நெல்லுல களை பிடுங்குற நேரம். ஏப்ரல் முண்டு மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரம். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே குண்டு மிளகாய்தான். செடியில பழுத்ததை நாள் தவறாம எடுத்துக் காயப் போடணும். ஆளுக தட்டுப்பாடு, கிடைச்சாலும் கூலி கட்டாது. அதனால வீட்டுப் பிள்ளைகதான் இறங்கணும். காலேஜ்ல 75 சதவீத வருகை கேட்கிறாக. கொஞ்சம் குறைஞ்சா பணம் கட்டி எழுதலாம், ரொம்பக் குறைஞ்சா எழுத முடியாது. மக கூடப் படிச்ச ரெண்டு பிள்ளைக இந்தக் கணக்குலயே நின்னு போச்சுக.

போன பங்குனியில எங்க அக்கா பெண் கேட்டு வந்தாக. மாப்பிள்ளை அவுக மகன், துபாய்ல வேலை. நல்ல பையன், குறை சொல்ல ஒண்ணுமில்ல. "ஏன் தம்பி, டிகிரி முடிச்சு அவ கலெக்டராவா ஆகப் போறா? இந்த லீவுலயே முடிச்சிருவோம்"னு அக்கா சொன்னாக. நான் வாயைத் திறக்க முடியாம உட்கார்ந்திருந்தேன். அந்த வருசம் விதைப்புச் செலவுக்கு அக்கா வளையலை வாங்கித்தான் அடகு வச்சிருந்தேன்.

மகதான் பேசினா. "அத்தை, நான் வேணாம்னு சொல்லல. இன்னும் ரெண்டு செமஸ்டர் இருக்கு. முடிச்ச பிறகு பேசுங்க, அப்ப என்கிட்டயும் கேளுங்க." அவ்வளவுதான். அக்கா காப்பியைக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாக.

அந்த ஏப்ரல்ல மக காலையில காலேஜ், சாயங்காலம் மிளகாய்க் காடு. என் சம்சாரமும் நானும் விடிஞ்சதுல இருந்து எடுப்போம். கொஞ்சம் பழம் செடியிலயே வெம்பிப் போச்சு, போகட்டும்னு விட்டோம். வழக்கமா வத்தலை வீட்ல போட்டு வச்சு, விலை ஏறினதும் விற்பேன். இந்தத் தடவை காய்ஞ்ச கையோட எட்டிவயல் சந்தைக்கு ஏத்திட்டேன். நினைச்ச விலை வரல. ஆனா வளையலை மீட்டு அக்கா வீட்ல கொண்டு போய்க் கொடுத்தாச்சு. வாங்கி வச்சுக்கிட்டாக, பேசல. இப்பவும் சரியாப் பேசுறதில்ல. மக நாலாவது செமஸ்டரை அரியர் இல்லாம முடிச்சிட்டா.

அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்னு ஒண்ணு உண்டு. 1901-ல சிகாகோ பக்கத்துல ஜோலியட்ங்கிற ஊர்ல தொடங்கினது. வீட்ல இருந்தே போய் வந்து, வேலையும் பார்த்துக்கிட்டே குறைஞ்ச செலவுல படிக்கிற காலேஜ். நம்ம பக்கம் 1995-ல புதுச்சேரி பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரின்னு ஆரம்பிச்சது. பிறகு யு.ஜி.சி.யும் திட்டம் போட்டுச்சு. அந்தப் பேர் எங்க ஊர்ப் பக்கம் வந்து சேரல. அந்த வேலையை இங்க செய்யிறது அரசு கலைக் கல்லூரிதான். ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க வேலை அதிகமான பருவத்துல ரெண்டு பாடம் மட்டும் எடுத்துக்கிட்டு, மீதியைப் பிறகு படிக்கலாம். இங்க எல்லாப் பாடத்தையும் ஒண்ணாத்தான் இழுக்கணும். களை எடுக்கிற மாசத்துல சுமையைக் குறைச்சுக்க ஒரு வழி இருந்தா, நின்னு போன அந்த ரெண்டு பிள்ளைகளும் இன்னைக்கு பஸ்ல இருந்திருக்கும்.

நண்பருக்குப் பதில் இதுதான். கேம்பஸ் லைஃப் நல்லாத்தான் இருக்கு, ஆனா கேம்பஸுக்குப் போய்ச் சேர்றதுதான் எங்க பாடு. உங்க வீட்ல வேலை பார்க்கிற அம்மாவோட பிள்ளையோ, வாட்ச்மேன் அண்ணனோட பிள்ளையோ பிளஸ் டூ எழுதியிருந்தா, மே மாசத்துல அந்த 50 ரூபாய் விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுங்க. தேதி தெரியாமலே இடத்தை விட்டவுக எங்க ஊர்ல நிறைய.

மகளுக்கு இந்த ஆனியில மூணாம் வருசம் தொடங்குது.