இறக்கை எங்கிருந்து வந்தது?

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் உப்பல் சாலையை ஒட்டி இருக்கிறது சி.சி.எம்.பி. ஆய்வு மையம். 1977இல் தொடங்கிய நிறுவனம். உடலில் எந்த இடத்தில் எந்த உறுப்பு வளர வேண்டும் என்பதை மரபணுக்கள் எப்படி முடிவு செய்கின்றன என்று ராகேஷ் மிஸ்ராவின் குழு பழ ஈக்களை வைத்துப் பல ஆண்டுகள் இங்கே ஆராய்ந்தது. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சின்ன ஈதான். என் ஃபைட்டர் மீன்களுக்குத் தீனியாக நான் பாட்டிலில் வளர்ப்பதும் அதைத்தான்.

என் ஈக்களுக்கு இறக்கை வெறும் குருத்து. நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுக்கு முன்பே கண்ட மரபு மாற்றம் அது. தண்ணீர்மேல் தட்டிவிட்டால் பறக்காது, மீன் பாய்ந்து கவ்விக்கொள்ளும். தப்பிக்கும் வழியைப் பிறப்பிலேயே இழந்த உயிரை நம் வசதிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்குகிறோம். எனக்கு இது சாதாரணக் காரியமாகத் தோன்றவில்லை. வளர்ப்பதென்றால் அதன் வம்சத்தை அறிந்து வளர்க்க வேண்டும்.

ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் பாட்டிலுக்குள் இறக்கையுள்ள ஈக்கள் தென்படும். பலரும் உடனே பாட்டிலைக் கொட்டிவிடுகிறார்கள். பொறுக்கலாம். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். புழுப் பருவத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த வம்சத்திலேயே இறக்கை ஓரளவு நீண்டு வளரும், மரபணு மாறியிருக்காது. அல்லது சமையலறையிலிருந்து சாதாரண ஈ ஒன்று நுழைந்து கலந்திருக்கும். குட்டை இறக்கை ஒடுங்கு பண்பு என்பதால் அந்தக் கலப்பின் முதல் தலைமுறை முழுக்க இறக்கையோடு பிறக்கும். அவை தமக்குள் கூடினால் நாலில் ஒன்று குட்டையாக வரும்.

ஈயை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டில் எது காரணம் என்பது முழுதாகத் தெளியாது. அதன் பிள்ளைகளை 25 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பத்து நாளில் தெரிந்துவிடும். எல்லாமே குட்டையாகப் பிறந்தால் வெயிலின் வேலை. இறக்கையோடு சிலது வந்தால் வெளி ரத்தம் கலந்திருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகிவிடுவதால் சோதிக்கப் பிள்ளைகளே பிறக்காமல் போகலாம். எனவே மார்ச்சிலேயே ஒரு பாட்டிலை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, வீட்டில் குளிர்ச்சியான அறையில் தனியே வைத்துவிடுவது நல்லது.